தேர்க்கூட்டமும் பறக்கும் கோபுரமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவதே நம் சங்கத்தின் மரபு. இம்முறை செயலாளர் அவர்கள் நம்மை அணுகி, "விஞ்ஞானத்தைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று பணித்தபோது நாம் திகைத்துத்தான் போனோம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஓர் இரயில்வே குமாஸ்தாவுக்கு விஞ்ஞானத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது? ஆயினும் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி நம் உள்ளத்தை விட்டகலாமல் இருந்து வருகிறது. அக்கேள்விக்கு விடை தேடி, காலனிப் பிள்ளைகளின் பாடநூல்களைப் புரட்டியும், சிக்னல் இலாகா நண்பர்களை நச்சரித்தும் அறிந்து கொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

கேள்வி பிறந்த நாள் 2023ஆம் ஆண்டு ஜூன் 20. அன்று புரியில் ஜகந்நாதருக்குத் தேர்த்திருவிழா. மன்னார்குடியிலிருந்து நம் பெரியம்மா வந்திருந்தார்கள். வயது எழுபத்திரண்டு. திருவாரூர் ஆழித்தேரை இளமை முதல் கண்டவர்கள். "ஒரு தேருக்கே அந்தக் கூட்டம் என்றால் மூன்று தேருக்கு எப்படியிருக்கும், அதையும் பார்த்து விடுகிறேன்" என்று ஆவலோடு வந்தார்கள். குர்தா ரோடிலிருந்து விடியற்காலை வண்டியில் ஏறி நாங்கள் ஐவரும் புரி சென்று சேர்ந்தோம்.

அங்குள்ள பெருவீதியைப் 'படா தண்ட' என்பார்கள். ஜகந்நாதர் கோயிலிலிருந்து குண்டிசா கோயில் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அவ்வீதி முழுவதும் மனிதத் தலைகளே. வெயில் தாங்காமல் மக்கள் மயங்கிவிடாதிருக்கக் குழாய் கொண்டு தண்ணீரை மேலே பீய்ச்சிய வண்ணம் இருந்தார்கள். முதலில் பலபத்திரருடைய பதினான்கு சக்கரத் தேர் அசைந்தது. வடத்தை நோக்கிக் கூட்டம் ஓரலையாகப் புரண்டது. அலை அடங்கியபோது பெரியம்மா எங்களோடு இல்லை.

அவர்களிடம் பொத்தான் வைத்த சிறு கைப்பேசி ஒன்று இருந்தது. எனவே நாங்கள் முதலில் அவ்வளவாக அஞ்சவில்லை. எடுத்து அழைத்தோம். மணி அடிக்கவில்லை. மீண்டும் அழைத்தோம். மூன்று நொடி அமைதி, பிறகு தொடர்பு அற்றுப்போன ஒலி. நமது கைப்பேசியின் மூலையைப் பார்த்தால் அலைக்கோடு நான்கும் நிறைந்து நிற்கின்றன! மனைவியின் போனிலும் அவ்வாறே. அது வேறு கம்பெனி. பிற்பகல் மூன்று மணி முதல் ஏழு மணி வரை அழைத்துக் கொண்டே அலைந்தோம். சர்க்கரை நோயுள்ள மூதாட்டி. காலையில் இரண்டு இட்டிலிக்குமேல் உண்ணாதவர். ஒரியா மொழியில் ஒரு சொல் அறியாதவர். அந்த நான்கு மணி நேரத்தில் நம் மனத்தில் தோன்றியவற்றைச் சபையில் சொல்வதற்கில்லை.

ஏழு மணியளவில் ஒரு சந்தின் முனையில், இளநீர் விற்கும் ஓர் ஒரிய அம்மையாரின் தள்ளுவண்டி நிழலில் பெரியம்மாவைக் கண்டோம். மயங்கி விழுந்தவரை அவ்வம்மையார் தாங்கிப் பிடித்து, முகத்தில் நீர் தெளித்து, இளநீர் புகட்டி, வாணிபத்தையும் விட்டுவிட்டு அருகிலேயே அமர்ந்திருந்தார். காசு கொடுத்தோம், வாங்க மறுத்தார். அங்கிருந்த தொண்டர் ஒருவர் பெரியம்மாவின் போனிலிருந்தும் தம் போனிலிருந்தும் நம்மை அழைத்து அழைத்துச் சலித்திருக்கிறார்.

இரவு வண்டி சாக்கிகோபால் ஸ்டேஷனைத் தாண்டும்போது நம் சட்டைப்பையில் கைப்பேசி துடிக்கத் தொடங்கியது. அத்தொண்டர் 'உங்கள் தாயார் இங்கே இருக்கிறார்' என்று பிற்பகல் 3.40க்கு அனுப்பிய செய்தியும், அதன்பின் அனுப்பியவையும் வரிசையாக வந்து விழுந்தன. இரயிலின் மங்கிய விளக்கொளியில் அவற்றைப் படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்த கேள்விதான் இப்பேச்சின் கரு. நான்கு கோடும் நிறைந்திருந்தும் ஒரு சொல் போகவில்லையே, அது ஏன்?

விடை எளிது. இரயில்வேக்காரருக்கு இன்னும் எளிது. அந்நான்கு கோடுகள் காட்டுவது வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது என்பதையே. அதில் இடம் இருக்கிறது என்பதை அன்று. கோபுரத்தின் ஒலி நம் காதில் உரக்க விழுகிறது என்று மட்டுமே கைப்பேசி சொல்கிறது. கோபுரத்திற்கு நம்மை ஏற்றிக்கொள்ள இடமுண்டா என்று கோடு சொல்லாது.

இடம் என்பது என்ன? செல்பேசி என்ற பெயரிலுள்ள 'செல்' என்பது சிற்றறை. நாட்டைத் தேன்கூடு போல் அறுகோண அறைகளாகப் பகுத்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிலையம் வைத்து, ஓரறையில் பயன்படுத்திய அலைவரிசையையே சற்றுத் தொலைவிலுள்ள வேறோர் அறையில் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1947ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். நம் நாட்டில் முதல் செல்பேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அப்போது வந்த முறையில் ஓர் அலைவரிசையை எட்டுக் காலத்துண்டுகளாக வெட்டி எட்டுப் பேருக்குக் கொடுப்பார்கள். அவற்றிலும் சில துண்டுகள் நிலையத்தின் சொந்த வேலைக்குப் போய்விடும். நம் ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கை இருப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். ஒன்பதாமவர் ஏணிப்படியிலும் அமர முடியாது.

இன்றுள்ள நான்காம் தலைமுறை முறையில் பங்கீடு இன்னும் நுட்பமானது. மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது ஒரு நொடியில் ஆயிரம் முறை, யாருக்கு எவ்வளவு என்று நிலையம் பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் பிரிப்பதற்குமுன் கைப்பேசி போய்க் கதவைத் தட்ட வேண்டும். அப்படித் தட்டுவதற்கு அறுபத்து நான்கு விதமான தட்டல்களே உண்டு. அவற்றுள் ஒன்றைக் கைப்பேசி தானே தேர்ந்தெடுத்துத் தட்டும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே விதமாகத் தட்டினால் இருவர் குரலும் மோதும்; இருவரும் விலகி நின்று மறுபடி தட்ட வேண்டும். தேர் அசையும் அந்நொடியில் இலட்சம் பேர் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். இலட்சம் பேர் கதவைத் தட்டுகிறார்கள். புக்கிங் ஜன்னலில் ஒரே சமயத்தில் நூறு கை நீண்டால் உள்ளே அமர்ந்திருக்கும் குமாஸ்தாவின் நிலை என்னவென்று நமக்குத் தெரியும். நாம் அந்த ஜன்னலுக்குள் அமர்ந்தவரே! எந்தக் கையும் சீட்டுப் பெறாது. நமது கைப்பேசி மூன்று நொடி அமைதி காத்ததன் பொருள் இதுவே என்று பின்னர் அறிந்தோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேர்த்திருவிழாவன்று படா தண்டத்திலுள்ள கோபுரங்கள் மூச்சுத் திணறும்போது, அரைக்கல் தொலைவில் உள்ள தெருக்களில் ஆளே இராது. வீடு பூட்டி எல்லோரும் தேர் பார்க்கப் போயிருப்பார்கள். அத்தெருக் கோபுரங்கள் வேலையற்றுக் கொட்டாவி விட்டுக் கொண்டிருக்கும். ஓரிடத்தில் நெரிசல், பக்கத்தில் காலியிடம். இரயில்வேயில் இது நமக்குப் புதிதன்று. திருவிழா ஸ்பெஷல்கள் வந்து குவியும்போது, முனைய ஸ்டேஷனான புரியில் ரேக்குகளை நிறுத்த இடமின்றிப் பக்கத்து ஸ்டேஷன்களின் லூப் லைன்களில் கொண்டுபோய் நிறுத்துவதில்லையா? அதுபோல, நெரிசல் கோபுரத்தின் சுமையைச் சும்மா இருக்கும் கோபுரத்துக்கு மாற்றினால் என்ன?

மாற்றத்தான் செய்கிறார்கள். கைப்பேசி தன்னைச் சுற்றியுள்ள கோபுரங்களின் ஒலியை அளந்து அவ்வப்போது நிலையத்துக்குத் தெரிவிக்கிறது. எந்தக் கோபுரத்தைச் சேர வேண்டும் என்பதை நிலையம் முடிவு செய்கிறது. ஓரறை நிரம்பினால், எல்லைக் கோட்டைச் சற்று உள்ளே தள்ளி, எல்லையில் நிற்பவர்களை "நீங்கள் அடுத்த கோபுரத்தோடு பேசிக் கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடும். இதெல்லாம் மனிதர் கைபடாமல் தானே நடக்கிறது. ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. அடுத்த கோபுரத்தின் ஒலி ஓரளவேனும் கேட்டால்தான் அங்கே அனுப்ப முடியும். பெருவீதியின் நடுவில், இருபுறமும் கட்டடங்கள் மறைக்க, மனித உடல்களே சுவராக நிற்கும் இடத்தில், அடுத்த தெருக் கோபுரத்தின் ஒலி எட்டவே எட்டாது. அங்கே இடமுண்டு, போக வழியில்லை.

இங்கேதான் ரிலே என்ற கருத்து வந்து சேருகிறது. அச்சொல் நமக்கு அந்நியமன்று. தந்திக் காலத்தில் நெடுந்தூரம் ஓடிக் களைத்த மின்னோட்டத்தை வாங்கி, புது பாட்டரியின் வலிமையோடு அடுத்த கம்பிக்கு அனுப்பிய கருவிக்கு ரிலே என்று பெயர். நம் ஸ்டேஷன்களில் பூட்டிக் கிடக்கும் ரிலே ரூமை அறியாதார் யார்? செல்பேசி விஷயத்திலும் ஒருவரிடம் வாங்கி மற்றொருவரிடம் சேர்ப்பதே அதன் வேலை. நெரிசல் அறையிலுள்ள கைப்பேசிக்கும் காலியான அறையின் கோபுரத்துக்கும் இடையில், இருவர் குரலும் கேட்கும் ஓரிடத்தில் ஒரு கருவி நின்றால், இங்கே வாங்கி அங்கே கொடுத்துவிடலாம். இத்தகைய ரிலே நிலையங்களை அறைகளினிடையே வைத்து நெரிசலைத் திருப்பிவிடும் திட்டம் ஒன்றை அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2001ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறார்கள்.

அத்திட்டத்தில் நம்மைக் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. அழைப்பவர் ரிலேக்கு எட்டாத நடுவிடத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். அவருக்கு உதவ முடியாது என்று விட்டுவிடுவதில்லை. ரிலேக்கு எட்டும் ஓரத்தில் ஏற்கனவே பேசிக் கொண்டிருக்கும் வேறொருவரைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, அவர் விட்ட இடத்தை நடுவில் நிற்பவருக்குக் கொடுக்கிறார்கள். இரயிலில் டிக்கெட் பரிசோதகர் இதைத்தானே செய்கிறார்! "ஐயா, நீங்கள் தனியாள், எஸ்-5க்குப் போங்கள், இந்த அம்மாள் குழந்தையோடு இங்கே படுக்கட்டும்" என்கிறார். போனவருக்கும் நட்டமில்லை, வந்தவருக்கும் இடமாயிற்று. 3.40 மணிக்கு நடுவீதியில் நின்ற தொண்டருக்கு இப்படி ஓர் இடம், ஒரே ஓர் இடம் கிடைத்திருந்தால் போதும். ஒரு குறுஞ்செய்திக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

சரி, ரிலேயைக் கம்பத்திலேயே நட்டுவிடலாமே, பறப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். தேர் ஓரிடத்தில் நிற்பதில்லை, கூட்டமும் நிற்பதில்லை. காலையில் கோயில் வாயிலில் உள்ள நெரிசல் மாலையில் குண்டிசா கோயில் பக்கம் போய்விடுகிறது. ஆண்டில் ஒரு சில நாள் நெரிசலுக்காக மூன்று கிலோமீட்டருக்கும் கம்பம் நட்டால் மற்ற நாள்களில் அவை காக்கை உட்காரத்தான் பயன்படும். ஆகவேதான் 'ட்ரோன்' எனப்படும் ஆளில்லாச் சிறு பறவைக் கருவியின்மேல் ரிலேயை ஏற்றி, நெரிசல் போகுமிடத்துக்கு அதையும் கொண்டு போகலாம் என்று ஆராய்கிறார்கள். மேலும், உயரத்திலிருந்து பார்ப்பதற்குக் கட்டடமும் மரமும் குறுக்கே நில்லா. அதற்காக மேலே மேலே போனால் நல்லது என்று எண்ணிவிட வேண்டா. உயர உயர மறைப்பு குறையும். ஆனால் தொலைவு கூடி ஒலி மெலியும். இரண்டுக்கும் நடுவே பொருத்தமான ஓர் உயரம் உண்டு. அதைக் கணக்கிட்டும் வைத்திருக்கிறார்கள். இன்னொரு சங்கடம், உயரத்தில் நிற்கும் கருவியின் குரல் ஊரிலுள்ள எல்லாக் கோபுரங்களுக்கும் கேட்கும். உதவ வந்தவர் எல்லோர் பேச்சிலும் குறுக்கிடும் ஆபத்து உண்டு. அதனால் குரலையும் அளந்தே எழுப்ப வேண்டும்.

இது கற்பனைக் கதையன்று என்பதற்குச் சில சான்றுகள் கூறுவோம்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று அமெரிக்க ஆட்சியிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவை 'மரியா' என்னும் சூறாவளி தாக்கியது. செல்பேசி நிலையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாயடைத்துப் போயின. அவ்வாண்டு நவம்பரில் ஏ.டி. அண்டு டி. கம்பெனியார், கயிறு போன்ற மின்கம்பியால் தரையோடு பிணைத்த சிறு ஹெலிகாப்டர் ஒன்றை 200 அடி உயரத்தில் நிறுத்தி, அதன் மூலம் 40 சதுர மைல் பரப்புக்குத் தொடர்பு தந்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பறக்கும் பசு'. (சிரிப்பு.) நகைக்க வேண்டா. சக்கரத்தின்மேல் ஏற்றிய செல் நிலையத்தை ஆங்கில முதலெழுத்துகளால் 'கௌ', அதாவது பசு என்பார்கள். இது சிறகு முளைத்த பசு. நம் முன்னோர் காமதேனுவுக்குச் சிறகு வைத்து எழுதியது இதற்காகத்தான் என்று யாரேனும் கட்டுரை எழுதாதிருக்க வேண்டும்!

2021ஆம் ஆண்டு ஜூலையில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் பெருவெள்ளம். மிஹே என்னும் ஊர் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து வெளியுலகோடு உறவற்றுப் போயிற்று. தென்மேற்கே குய்சோ மாகாணத்திலிருந்து ஆளில்லாப் பெரு விமானம் ஒன்று நான்கரை மணி நேரம் பறந்து வந்து, 21ஆம் நாள் மாலை அவ்வூரின் மேல் வட்டமிட்டது. ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்து மணி நேரம் தொடர்பு கிடைத்தது. மாலை ஆறேகாலுக்கு மேல் தொடங்கி இரவு எட்டு மணிக்குள் 2,572 பேர் அதன் வழியே இணைந்தார்கள் என்று கணக்குத் தந்திருக்கிறார்கள். 2,572 வீடுகளில் யாரோ ஒருவர் 'உயிரோடிருக்கிறேன்' என்று சொல்லியிருப்பார் என்றே நாம் அந்த எண்ணைப் படித்தோம். 2024ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலம் நடுங்கியபோதும், கம்பியில் பிணைத்த ட்ரோனை ரிலேயாக நிறுத்தினார்கள். வேறு கம்பெனியார் கப்பலிலேயே நிலையம் வைத்துக் கரையோரம் கொண்டு வந்தார்கள்.

இவையெல்லாம் கோபுரம் விழுந்த இடத்துக் கதைகள். 2019ஆம் ஆண்டு மே 3 அன்று 'ஃபானி' புயல் புரியருகே கரை கடந்தபோது இக்காலனியில் இருந்தவர்களுக்கு அத்தகைய நாள்கள் எப்படியிருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்த உறவினர் தொலைக்காட்சியில் புரி ஸ்டேஷன் கூரை பறந்ததைப் பார்த்துவிட்டு நாம் இருக்கிறோமா இல்லையா என்று தவித்ததும், நாம் ஒரு வார்த்தை சொல்ல வழியின்றித் தவித்ததும் நீங்கள் அறிந்தவை. கோபுரம் நின்றும் நெரிசலால் பயனற்றுப்போகும் திருவிழாக் கதை அதனினும் நுட்பமானது. நெரிசலைப் பங்கிட்டுத் தரும் பறக்கும் ரிலே இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் சோதனை மைதானத்திலும்தான் இருக்கிறது. திருவிழாக்களில் இப்போது கைகொடுப்பது தரைப்பசுவே. 2025ஆம் ஆண்டு பிரயாக்ராஜ் கும்பமேளாவில் சக்கர நிலையங்களையும் தற்காலிகச் சிறு நிலையங்களையும் கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

ட்ரோன் ஏன் இன்னும் வரவில்லை? முதற்காரணம் வயிறு. சாதாரணச் சுழலிறகு ட்ரோன் அரைமணி நேரம் பறந்தால் பாட்டரி தீர்ந்து இறங்கிவிடும். கம்பியில் பிணைத்தால் தரையிலிருந்து மின்சாரம் ஏறும், மணிக்கணக்கில் நிற்கும், ஆனால் நடமாட முடியாது. நடமாடத்தான் அதை வரவழைத்தோம்! ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும்படி முறைவைத்துப் பறக்கவிடலாம் என்கிறார்கள். என்ஜின் மாற்றுவதுபோல. அதற்கு ஆளும் பாட்டரியும் எத்தனை வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் அக்கவுண்ட்ஸ் இலாகா கையெழுத்திடாது.

இரண்டாவது காற்றும் மழையும். தேர்த்திருவிழா ஆஷாட மாதத்தில், மழை தொடங்கிய பின். மூன்றாவது, தலைக்குமேல் பறப்பது தலைமேல் விழவும் கூடும். கூட்டத்தின் நடுவே அது விழுந்தால் அதனால் எழும் பீதியே பெருங்கேடு. சட்டமும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சைப் பகுதியில் 400 அடி வரை முன்னனுமதியின்றிப் பறக்கலாம். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. ஜகந்நாதர் கோயிலின்மேல் ட்ரோன் பறக்கவிட்டவர்கள்மேல் காவல்துறையார் வழக்கே போட்டிருக்கிறார்கள். ஆகவே வீதியின் மேலே நிற்காமல், ஓரத்தில், கூட்டமில்லாத மாடியின் மேலே நின்று சரிவாகப் பார்க்கும் ரிலேயே நமக்கு ஏற்றது என்பது நம் எளிய கருத்து. நிபுணர்கள் மறுத்தால் ஏற்றுக் கொள்வோம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரிலே புதிய இடத்தை உண்டாக்குவதில்லை. பக்கத்து அறையின் இடத்தைக் கடன் வாங்குகிறது. அதிலும் ஒரே அலைவரிசையில் வாங்கியும் கொடுத்தும் செய்தால், ஒரு சொல்லுக்கு இரு சொல்லின் நேரம் செலவாகிறது. கைப்பேசியிலிருந்து ரிலேக்கு ஒருமுறை, ரிலேயிலிருந்து கோபுரத்துக்கு ஒருமுறை. வட்டியோடு கூடிய கடன்! புரியின் கடலோரத்தில் பெந்தகட்டா என்னும் மீனவர் குடியிருப்பு உண்டு. தலைமுறைகளுக்குமுன் ஆந்திரக் கரையிலிருந்து வந்து, இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். நம்மைப் போல வந்த இடத்தில் வேர்விட்டவர்கள். தேரன்று அவர்கள் பகுதிக் கோபுரம் காலியாக இருக்கிறது என்று கணக்குச் சொல்லும். முழுவதையும் வாரி எடுத்துப் படா தண்டத்துக்கு ஊற்றிவிட்டால், அன்று மாலை கடலில் காற்று மாறி, கரையிலுள்ள பெண் படகிலுள்ள கணவனை அழைத்தால் அவளுக்கு மூன்று நொடி அமைதிதானே கிடைக்கும்? நமக்குக் கிடைத்த அதே அமைதி. காலி என்று சொல்வது யார் கணக்கு என்பதைப் பார்க்க வேண்டும்.

இதற்கும் இரயில்வேயில் முறை உண்டு. எவ்வளவு நெரிசலிலும் எமர்ஜென்சி கோட்டா என்று சில படுக்கைகளை ஒதுக்கி வைக்கிறோம். (அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது வேறு கதை, அதை இங்கே கிளற வேண்டா.) செல்பேசியிலும் அறை மாறி வரும் அழைப்புக்கென்று சில வழிகளைக் காலியாகவே வைத்திருக்கும் வழக்கம் பழைய நாளிலேயே உண்டு. கடன் கொடுக்கும் கோபுரமும் தன் வீட்டாருக்கென்று இவ்வளவு என்று மூடி வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்க வேண்டும். கடன் வாங்கும் வீதியிலும் படம் அனுப்புபவருக்கு முன்னால், பேசத் துடிப்பவருக்கும் குறுஞ்செய்திக்கும் வழிவிட வேண்டும். இவை கருவி தானே முடிவு செய்யும் காரியங்கள் அல்ல. இப்படிச் செய் என்று மனிதர் எழுதிவைத்தால் அது செய்யும். மெயிலுக்கு வழிவிட்டுக் கூட்ஸை லூப்பில் நிறுத்துவது என்ஜினின் குணமன்று, கண்ட்ரோலரின் உத்தரவு.

நம் காலனியின் இளைஞர்களில் இருவர் இப்போது தொலைத்தொடர்புப் பொறியியல் படிக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஒதுக்கீட்டுக் கேள்வியைப் போட்டோம். ட்ரோன் எங்கே நிற்க வேண்டும், எத்தனை அடி உயரம், எத்தனை பேரை மாற்றலாம் என்பதற்கெல்லாம் உடனே சூத்திரம் எழுதினார்கள். பெந்தகட்டாவுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்றபோது பேனா நின்றது. "மாமா, அதைக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்" என்றார்கள். கம்பெனிக்கு நாம் எழுதிய கடிதத்துக்கு 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று ஓர் எண் வந்தது. அந்த எண்ணை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். குழந்தைகளின் கோலாட்டத்துக்கும் நேரமாயிற்று. ஒன்று கூறி அமர்கிறோம்.

சென்ற வாரம் பெரியம்மா மன்னார்குடியிலிருந்து போனில் பேசினார்கள். மறுபடியும் தேர் பார்க்க வர வேண்டுமாம். அந்த இளநீர்க்கார அம்மாளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறார்களாம். நாம் இந்தச் சொற்பொழிவுக்காகப் படித்ததையெல்லாம் அவர்களுக்கு அரைமணி நேரம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பறக்கிற பெட்டி புரிக்கு வந்திடுச்சாப்பா?" என்றார்கள்.

"இன்னும் இல்லை பெரியம்மா" என்றோம்.

"சரி, தொலைஞ்சு போனா நான் அந்த இளநீர் வண்டிகிட்டயே உட்கார்ந்திருக்கேன், நேரே அங்கே வந்திடு" என்றார்கள்.